மாலுமியிடம் கேளுங்கள்: அந்த நீலக் கொத்து எது?

கடல், கப்பல், வானம் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லித்தான் ஆசிரியர் இந்தப் பகுதியை என்னிடம் ஒப்படைத்தார். வருகிற கடிதங்களைப் பார்த்தால் கடலைப் பற்றி யாருக்கும் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. எல்லோரும் எலைட் டேஞ்சரஸ் விளையாட்டில் ஒரு விண்கப்பலை ஓட்டிக்கொண்டு போய், எங்கேயோ நடுவானில் நின்று வழி கேட்கிறார்கள். சரி, திசை பார்த்துச் சொல்வதுதானே இத்தனை காலமும் என் பிழைப்பு.

விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 டிசம்பரில் வெளிவந்த இந்தக் கணினி விளையாட்டில் நம் பால்வீதி முழுவதையும் உண்மை அளவிலேயே விரித்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள். அவற்றில் ஒன்றரை லட்சம் அளவுக்கு வானியலாளர்களின் அட்டவணைகளிலிருந்து எடுத்த உண்மையான விண்மீன்கள். மற்றவற்றை விதிகளின்படி கணினியே உருவாக்கிக்கொள்கிறது. ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் தாவும். தாவி இறங்கிய இடத்திலிருந்து வானம் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் திரையில் தெரியும். ராயபுரத்தில் என் வீட்டு மாடியிலிருந்து தெரியாத வானத்தையெல்லாம் பேரனின் கணினியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பூர் வாசகர்: ஐயா, சூரியனிலிருந்து ஓரியன் என்ற வேட்டைக்காரன் மண்டலத்தின் இடைவாரை, அதாவது அந்த மூன்று விண்மீன் வரிசையை நோக்கி 500 ஒளியாண்டு வந்திருக்கிறேன். நேர் எதிரே நீல விண்மீன்கள் கொத்தாகப் பளிச்சென்று தெரிகின்றன. கூட விளையாடும் நண்பர்கள் கார்த்திகைதான் என்று அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிட்டே போய்ப் பார்க்கலாம் என்றால், "கோல் 70 செக்டார்" என்று பெயர் காட்டி, அனுமதி இல்லை என்று கப்பலைத் தாவ விடாமல் தடுக்கிறது. தூரத்தில் தெரியும் ஒரு கொத்தை எப்படித்தான் அடையாளம் காண்பது?

உங்கள் சந்தேகம் சரி, தம்பி. கார்த்திகை இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், சென்னையிலிருந்து பார்க்கும்போது ஓரியனின் இடைவாருக்கும் கார்த்திகைக்கும் இடையே ஏறக்குறைய 36 பாகை. கார்த்திகையின் தொலைவு விளையாட்டில் சுமார் 380 ஒளியாண்டு. ஒரு தாளில் சூரியனைப் புள்ளி வைத்து, ஓரியன் பக்கம் 500 அளவுக்கு ஒரு கோடும், அதிலிருந்து 36 பாகை சாய்த்து 380 அளவுக்கு இன்னொரு கோடும் போட்டுப் பாருங்கள். நீங்கள் கார்த்திகையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது தெரியும். கப்பலைத் திருப்பினால், பின்பக்கம் சற்று ஒதுங்கி, சுமார் 300 ஒளியாண்டில் அது இருக்கும். ஊரில் பார்ப்பதைவிடப் பெரிதாகவே தெரியும். பால்வீதி வரைபடத்தின் தேடல் பெட்டியில் கார்த்திகையின் விண்மீன்களான மாயா அல்லது மெரோப் என்று கொடுத்தால் உங்கள் இடத்திலிருந்து அதன் தொலைவு வந்துவிடும். நண்பர்களுக்கு அந்தப் படத்தை அனுப்பிவையுங்கள்.

நண்பர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நீலமாக ஏழெட்டு விண்மீன் ஒன்றாய்த் தெரிந்தால் நம்மவர்களுக்கு வேறு எந்தப் பெயர் நினைவுக்கு வரும்? ஆனால் வடிவத்தை வைத்து அடையாளம் சொல்கிற பழக்கம் பூமியை விட்டுப் புறப்பட்ட பிறகு உதவாது. நான் கப்பலில் கற்ற முதல் பாடங்களில் அதுவும் ஒன்று. மாலை மங்கும் சில நிமிடங்களுக்குள், அடிவானமும் விண்மீனும் சேர்ந்து தெரியும்போதே, செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் உயரம் எடுத்தாக வேண்டும். மேகம் மூடிய நாளில் ஒரே ஓர் இடைவெளி வழியாக ஒரே ஒரு விண்மீன் எட்டிப் பார்க்கும். துணைக்குப் பக்கத்தில் எதுவும் இராது. அதன் உயரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, இந்த நேரத்தில் இந்த இடத்தில் எது இருந்தாக வேண்டும் என்று கடலோடிகளின் பஞ்சாங்கத்தில் தேடுவோம். அதற்கென்று தேர்ந்தெடுத்த 57 விண்மீன்கள் அதில் உண்டு. முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டு எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். உங்கள் விளையாட்டில் வரைபடம்தான் பஞ்சாங்கம். எது என்று சந்தேகமோ அதன் பெயரைத் தேடி, அது எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். திரையில் தெரிவது அங்கே இல்லையென்றால் அது வேறு ஒன்று. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி சுவையானது. பெயரே தெரியாத கொத்து என்றால், அதை நோக்கிப் போகாதீர்கள். குறுக்கே போங்கள். காசிமேட்டிலிருந்து மீன் பிடிக்கப் போகிறவர்கள் கரையில் முன்னால் ஒரு கோபுரம், பின்னால் ஒரு உயரமான கட்டடம் என்று இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து இடத்தை நினைவில் கொள்வார்கள். படகு வடக்கே சற்று நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும்; கிட்டே இருக்கும் கோபுரம் வேகமாக விலகும், தூரத்துக் கட்டடம் மெதுவாக விலகும். வானத்திலும் அதேதான். கொத்து இருக்கும் திசைக்குச் செங்குத்தாக ஒரு 100 ஒளியாண்டு தாவிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். கொத்திலுள்ள விண்மீன்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் நகர்ந்திருந்தால் அது உண்மையான கொத்து. ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயுமாகச் சிதறிப்போனால், ஒரே வரிசையில் தற்செயலாக நின்ற அந்நியர்களைத்தான் நீங்கள் இதுவரை உறவினர்கள் என்று நினைத்திருக்கிறீர்கள்.

தொலைவும் அதிலேயே கிடைக்கும். குறுக்கே போன தூரத்தை 57-ஆல் பெருக்கி, கொத்து எத்தனை பாகை நகர்ந்ததோ அதனால் வகுக்க வேண்டும். 100 ஒளியாண்டு நகர்ந்தபோது கொத்து 6 பாகை விலகியது என்றால் தொலைவு 950 ஒளியாண்டு. பாகையை அளக்க ஒரு வழி: கப்பலை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்து, ஒரு முழுச் சுற்றுக்குத் திரையின் அகலம் எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுங்கள். நான்கு முறை என்றால் ஓர் அகலம் 90 பாகை. திரையின் ஓரங்களில் படம் இழுபடும், ஆகவே அளக்க வேண்டியதை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் திரையைப் படமாக எடுத்து, பின்னணியில் அசையாமல் நிற்கும் மங்கல் விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தால் விலகல் தெரியும். கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே வரும். பரவாயில்லை, 300-க்கும் 3,000-க்கும் வித்தியாசம் தெரிந்தால் போதுமானது.

பழகிப் பார்க்க நல்ல இடம் ரோகிணி. ரிஷபத்தின் முகத்தில் 'வி' எழுத்துப் போல் இருக்கும் ஹயடீஸ் கொத்தின் ஒரு நுனியில் சிவப்பாக ஒளிர்கிறதே, அதுதான். பூமியிலிருந்து பார்த்தால் அந்தக் கொத்தின் தலைவி போல் அமர்ந்திருக்கும். உண்மையில் அவளுக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஹயடீஸ் 153 ஒளியாண்டில் இருக்கிறது. ரோகிணி ஏறக்குறைய 66-இல், பாதி வழியில் நிற்கிறாள். சூரியனிலிருந்து குறுக்கே 50 ஒளியாண்டு போய்ப் பாருங்கள். கொத்து சுமார் 18 பாகை நகரும், ரோகிணி 37 பாகை நகர்ந்து எங்கோ போய்விடுவாள். 'வி' எழுத்தின் ஒரு முனை காணாமல் போயிருக்கும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர் பிறகு வானத்தில் எந்த வடிவத்தையும் நம்ப மாட்டார்.

நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கொத்தில் பிறந்த விண்மீன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. நீல விண்மீன்கள் எரிபொருளை வாரி இறைத்து முதலில் தீர்ந்துபோகும். ஆகவே பளிச்சிடுபவை எல்லாம் நீலம் என்றால் இளம் கொத்து. கார்த்திகைக்கு 10 கோடி ஆண்டுக்குச் சற்று மேல்தான் வயது. நீலத்துக்கு நடுவே ஓரிரண்டு சிவப்புப் பூதங்கள் தெரிந்தால் பெர்சியஸில் உள்ள இரட்டைக் கொத்து போன்ற மிக இளம் வகையாக இருக்கலாம். அது 7,500 ஒளியாண்டில் இருக்கிறது, வயது சுமார் 1.4 கோடி ஆண்டு, அங்கே பெரிய விண்மீன்கள் இப்போதே முதுமைக்கு வந்துவிட்டன. நீலமே இல்லாமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக, எண்ண முடியாத திரளாகப் பொங்கி நின்றால் அது கோளக் கொத்து. 1,000 கோடி ஆண்டைத் தாண்டிய கிழவர்கள். பால்வீதி வரைபடத்தில் விண்மீன் வகையை வடிகட்டும் வசதி இருக்கிறது. ஓ, பி என்ற நீல வகைகளை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை மறைத்துப் பாருங்கள். இளம் கொத்துகள் தாமாக எழுந்து நிற்கும்.

பிரகாசத்தை மட்டும் கடைசியில் வையுங்கள். தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும் என்ற கணக்கு சரிதான். அதன்படி கார்த்திகையின் தனித்தனி விண்மீன்கள் 1,900 ஒளியாண்டு தள்ளிப் போனால் வெறுங்கண்ணுக்கு மறையும். மொத்தமாக ஒரு மங்கல் திட்டாக 3,000-க்குச் சற்று அப்பால் வரை தெரியும். ஆனால் இடையில் தூசி என்று ஒன்று இருக்கிறதே! 1930-இல் டிரம்ப்ளர் என்ற வானியலாளர் கொத்துகளின் தோற்ற அளவையும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தூரத்துக் கொத்துகள் அவற்றின் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட மங்கலாக இருந்தன. விண்மீன்களுக்கு இடையே தூசி பரவி வெளிச்சத்தைத் தின்கிறது என்பது அப்படித்தான் உறுதியாயிற்று. மங்கலாக இருப்பதாலேயே ஒன்றைத் தூரம் என்று சொல்லிவிட முடியாது. திரையின் வெளிச்ச அமைப்பு வேறு நம்மை ஏமாற்றும்.

விண்மீன்களின் வெளிச்சத்தை அளக்கும் படிநிலைக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. ஐந்து படி என்றால் சரியாக நூறு மடங்கு என்று 1856-இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். 1861-இல் அவர் சென்னைக்கு வந்து, 1891-இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்தார். அவருடைய உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் இங்கிருந்தே ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது. நீங்கள் திரையில் ஒரு விண்மீனைத் தட்டி அதன் ஒளியளவைப் படிக்கும்போதெல்லாம் போக்சனின் கணக்கைத்தான் படிக்கிறீர்கள்.

இனி உங்கள் நீலக் கொத்து. பெயரை நீங்களே எழுதிவிட்டீர்கள். "கோல்" என்பது கோலிண்டர். ஸ்வீடன் நாட்டு வானியலாளர் பேர் கோலிண்டர் 1931-இல் 471 கொத்துகளுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 70-ஆம் எண், ஓரியனின் இடைவாரைச் சுற்றியுள்ள விண்மீன் திரள். இடைவாரை நோக்கிப் போனவருக்கு எதிரே இடைவார் தெரிகிறது, வேறென்ன? அதற்குள் நுழைய விளையாட்டை நடத்துகிறவர்கள் யாரையும் விடுவதில்லை. பூட்டு போட்ட பகுதி அது. வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அம்பத்தூர் வாசகர்: சூரியனைச் சுற்றி எங்கே போனாலும் "கோல் 285 செக்டார்" என்றே பெயர் வருகிறது. கோல் என்றால் கொத்து என்று படித்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தும் கொத்து எதுவும் கண்ணில் படவில்லையே?

அதன் நடுவே நின்றுகொண்டு தேடினால் எப்படித் தெரியும்?

கோலிண்டர் 285 என்பது சப்தரிஷி மண்டலத்து இயக்கக் கூட்டம். ஒரே இடத்தில் பிறந்து, 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாக ஒரே திசையில் பயணம் செய்யும் விண்மீன்கள். மையப்பகுதி நமக்கு 80 ஒளியாண்டு தொலைவில்தான் இருக்கிறது, அதனால் அது வானத்தில் பெரும்பரப்பில் விரிந்து கிடக்கிறது. அதே போக்கில் செல்லும் சில விண்மீன்கள் நம் சூரியனைச் சுற்றிலும் உண்டு. சூரியன் மட்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல, ஊர்வலத்துக்குக் குறுக்கே நடந்து போகிற ஆள்.

ஏழு ரிஷிகளில் ஐந்து பேர்தான் இதில் உறுப்பினர்கள்: வசிஷ்டர், அங்கிரஸ், அத்திரி, புலஸ்தியர், புலகர். இரு முனைகளிலும் நிற்கும் கிரதுவும் மரீசியும் வெளியாட்கள். வசிஷ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அருந்ததியும் உறுப்பினர்தான். கல்யாணத்தன்று புரோகிதர் காட்டிய திசையில் தலையை ஆட்டிவைத்தவர்கள் அனைவரும் இந்தக் கொத்தைப் பார்த்தவர்களே. விளையாட்டின் தேடல் பெட்டியில் அந்த ஐவரின் மேல்நாட்டுப் பெயர்களான மெராக், ஃபெக்டா, மெக்ரெஸ், அலியோத், மிசார் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து எல்லாம் 80 ஒளியாண்டை ஒட்டியே வரும். பிறகு கிரதுவான டூபேயையும் மரீசியான அல்கெய்டையும் கேளுங்கள். இரண்டும் நூறைத் தாண்டும்.

கொத்தாகவே பார்க்க வேண்டும் என்றால் அதை விட்டு வெளியே வந்து, 300 ஒளியாண்டு தள்ளி நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் அது ஆரவாரமாக இராது. பிரிந்து போய்க்கொண்டிருக்கும் குடும்பம் அப்படித்தான் இருக்கும்.

மயிலாப்பூர் வாசகர்: படிக்க வேண்டிய பிள்ளைகளைக் கணினி விளையாட்டில் தள்ளிவிடுகிறீர்களே, இது நியாயமா?

விளையாடுகிற பிள்ளைக்கு ஹயடீஸின் தொலைவு தெரிகிறது. தங்களுக்குத் தெரியுமா? மேலே எழுதியிருக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம், ஆசிரியை ஒருவர்: மாணவன் ஒருவன் கார்த்திகையின் தொலைவு 380 ஒளியாண்டு என்று எழுதியிருந்தான். விளையாட்டில் மெரோப் அந்தத் தொலைவில்தான் இருக்கிறதாம். என் புத்தகத்தில் 440 என்று இருக்கிறது. மதிப்பெண் போடலாமா?

போடுங்கள், அம்மா. அவன் எழுதிய எண் ஒரு காலத்தில் உலகத்தின் மிக நுணுக்கமான கருவி அளந்து சொன்ன எண்.

ஐரோப்பாவின் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை விண்மீன்களின் இடங்களை அளந்தது. 1,18,218 விண்மீன்கள் அடங்கிய அதன் அட்டவணை 1997-இல் வந்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது ஆறு மாத இடைவெளியில் ஒரு விண்மீன் எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதை வைத்துத் தொலைவைக் கணக்கிடும் முறைதான் அது. பெரம்பூர்த் தம்பிக்கு நான் சொன்ன குறுக்குப் பயணமேதான், என்ன, நாம் பூமியின் மேல் உட்கார்ந்தபடி போகிறோம். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, கார்த்திகையைத் தவிர. ஹிப்பார்கோஸ் அதை 390 ஒளியாண்டை ஒட்டி வைத்தது. மற்ற வழிகளில் அளந்தவர்கள் எல்லோரும் 430, 440 என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பது ஒளியாண்டு வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. கிட்டே இருக்கிறது என்றால் அந்த விண்மீன்களின் இயல்பான வெளிச்சம் கோட்பாடு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்றாகும். அப்படியானால் விண்மீன் எரிவதைப் பற்றி நாம் எழுதி வைத்த பாடத்தில் ஏதோ கோளாறு. செயற்கைக்கோளை நம்புவதா, பாடத்தை நம்புவதா என்று வானியலாளர்கள் வருடக்கணக்காக வாதிட்டார்கள். 2014-இல் ரேடியோ தொலைநோக்கிகளை உலகின் பல மூலைகளிலிருந்து ஒன்றாக இணைத்து அளந்தபோது 444 ஒளியாண்டு என்று வந்தது. ஹிப்பார்கோஸுக்குப் பிறகு ஏவப்பட்ட கையா விண்கலத்தின் 2018 தரவும் அதையே ஆமோதித்தது. உங்கள் புத்தகம் வென்றுவிட்டது.

விளையாட்டு வெளிவந்தது 2014 டிசம்பரில். கையாவின் அளவுகள் அப்போது கைக்கு வரவில்லை. ஹிப்பார்கோஸின் கணக்கில் மெரோப் 380-இல் இருக்கிறது, விளையாட்டிலும் அங்கேயே இருக்கிறது. பழைய கடல் வரைபடத்தில் ஒரு பாறை அரை மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தால், அந்த வரைபடத்தை வைத்துப் போகிறவன் அதில் இருக்கிறபடிதான் போவான். கரையில் வந்து கேட்டால் திருத்திய பதிப்பைக் காட்ட வேண்டும். மாணவனுக்கு அரை மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு, ஏன் குறைத்தீர்கள் என்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

இன்னொன்று, ஒரு கொத்தின் ஒவ்வொரு விண்மீனையும் தனித்தனியாக அளந்து அட்டவணையில் சேர்க்கும்போது ஒவ்வொன்றிலும் சிறு பிழை வரும். திசையில் பிழை இராது, தொலைவில்தான் வரும். அப்படிப்பட்ட அட்டவணையைக் கொண்டு வரைந்த வரைபடத்தில் கொத்துகள் சூரியனை நோக்கி நீண்டு கிடக்கும். இயற்கையில் எந்தக் கொத்துக்கும் நம் சூரியன்மேல் அத்தனை பாசம் கிடையாது. இப்படி நீண்ட கொத்தை எங்கே பார்த்தாலும் அது அளவையின் பிழை என்று உடனே சொல்லிவிடலாம்.

வேளச்சேரி வாசகர்: பால்வீதியின் மையத்தையும் தாண்டிப் போகப்போகிறேன். அங்கே அடையாளம் காண ஏதாவது மிஞ்சுமா?

கார்த்திகை, ஹயடீஸ், பூசம் எதுவும் மிஞ்சாது. நம் சூரியனே 60 ஒளியாண்டைக்கூடத் தாண்டாமல் கண்ணுக்கு மறைந்துவிடும். மிஞ்சுபவை இரண்டு வகை.

ஒன்று, பால்வீதிக்கு வெளியே இருக்கும் இரண்டு சிறு விண்மீன் மண்டலங்களான மெகல்லன் மேகங்கள். பெரியது 1,60,000 ஒளியாண்டு, சிறியது 2,00,000 ஒளியாண்டு. விளையாட்டில் அங்கே போக முடியாது, ஆனால் வானத்தில் தெரியும். நீங்கள் 25,000 ஒளியாண்டு பயணம் செய்தாலும் பெரிய மேகம் ஒன்பது பாகைக்குமேல் நகராது. கைநீட்டி முஷ்டியைப் பிடித்தால் மறையும் அகலம் அது. திசைகாட்டி என்றால் இதுதான் திசைகாட்டி. கப்பலின் மூக்கை எந்தப் பக்கம் வைத்தாலும், மேகங்களைத் தேடிப் பிடித்துவிட்டால் பால்வீதித் தளத்துக்கு எது தெற்கு என்று தெரிந்துவிடும்.

இரண்டு, பெரிய கோளக் கொத்துகள். உதாரணமாக ஒமேகா சென்டாரி: ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள், 150 ஒளியாண்டு அகலம். தூசி மட்டும் குறுக்கே வராவிட்டால் 50,000 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அதற்கு உண்டு. கோளக் கொத்துகள் பால்வீதியின் மையத்தைச் சூழ்ந்தே அதிகம் இருக்கின்றன. அதை வைத்துத்தான் ஷாப்லி என்ற வானியலாளர் 1918-இல் சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை, ஓரமாக ஒதுங்கி இருக்கிறது என்று காட்டினார். எந்த விண்வெளி விளையாட்டானாலும், உண்மை வானமானாலும், மிகத் தூரத்திலிருந்து தெரியும் உருண்டையான மங்கல் திட்டைக் கண்டால் முதல் சந்தேகம் கோளக் கொத்தின் மேல் விழட்டும்.

அயனாவரம், எட்டாம் வகுப்பு மாணவி: தாத்தா, எங்கள் வீட்டில் கணினி இல்லை. மாடியிலிருந்தே ஏதாவது கொத்தைப் பார்க்க முடியுமா?

முடியும், கண்ணு. கணினிக்காரர்களுக்கு இல்லாத வசதி உனக்கு இருக்கிறது: நீ பார்க்கப்போவது உண்மையான வெளிச்சம்.

கார்த்திகையை நவம்பரிலிருந்து மார்ச் வரை மாலையில் பார்க்கலாம். தீபத்தன்று மட்டும் தேடாதே. அன்றைக்குப் பௌர்ணமி நிலவு அதன் பக்கத்திலேயே நின்று கண்ணைக் கூசவைக்கும். பத்து நாள் கழித்துப் பார். எத்தனை விண்மீன் தெரிகிறது என்று தம்பி, தங்கையையும் தனித்தனியாக எண்ணச் சொல். பிப்ரவரி, மார்ச்சில் ஏறக்குறைய உச்சிக்கு மேலே கடக ராசியில் பூசக் கொத்து வரும். சென்னை விளக்குகளுக்கு நடுவே வெறுங்கண்ணுக்கு அகப்படாது. யாரிடமாவது 7×50 பைனாகுலர் இருந்தால் கேட்டு வாங்கு. கப்பலில் நாங்கள் வைத்திருந்ததும் அதே அளவுதான். ஒரு மங்கல் திட்டாக எல்லோரும் நினைத்திருந்ததைக் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து, நாற்பதுக்கும் மேற்பட்ட விண்மீன்கள் என்று 1610-இல் எழுதினார். பைனாகுலரில் நீயும் எண்ணலாம்.

ஒமேகா சென்டாரியும் நம் ஊருக்குத் தெரியும். வட இந்தியாவில் இருப்பவர்கள் அதற்காக ஏங்குவார்கள். நமக்கு அது தெற்கே 29 பாகைக்கு மேல் ஏறி வருகிறது. மே மாதம் நடுவில் இரவு பத்து மணிக்குத் தெற்கே பார்த்து நில். உயரத்தில் வெள்ளையாக ஒளிர்வது சித்திரை. அதிலிருந்து நேர் கீழே, கையை நீட்டி முஷ்டியை ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்றரை முறை வைத்து இறங்கினால் அந்த இடம் வரும். பைனாகுலரில் பஞ்சு போல ஓர் உருண்டை தெரியும். அயனாவரத்திலிருந்து தெற்கே பார்த்தால் ஊரின் வெளிச்சம் முழுக்கக் குறுக்கே நிற்கும் என்பதால், விடுமுறையில் கோவளம் பக்கம் போகும்போது முயற்சி செய். கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது, அம்மாவையோ அப்பாவையோ அங்கே ஒருநாள் அழைத்துப்போகச் சொல்.

வீட்டில் ஒரு சாதாரணக் கைபேசி இருந்தால் அதில் ஸ்டெல்லேரியம் செயலி ஓடும். தேதியையும் சென்னையையும் கொடுத்தால் அன்றைய வானத்தைக் காட்டும். முதலில் வானத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு அதைத் திற. தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் எனக்கு அதிகம் கடிதம் எழுதுகிறார்கள்.